ட்ரினிடாட் போகிறவர்களுக்கு இவர் சொன்ன புத்தி

என் கணவர் கடலில் போன மிக நீண்ட பயணம், கொழும்பு இறங்குதுறையிலிருந்து துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல் வரைக்கும்தான். அதுவும் ஒஃபிஸ் வேலையாக, லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில். ஆனால் நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் யார் எந்த நாட்டுக்குப் புறப்பட்டாலும் முதலில் வந்து உட்காருவது எங்கள் வீட்டு விறாந்தையில். அவருடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லாதபடியால் எழுதுகிறேன்: நமசிவாயம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பயணச்சீட்டுப் பகுதிக்குத் தலைமைக் கிளாக்கர்.

சீட்டு எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று மற்றக் கிளாக்கர்மார் இருப்பார்கள். இவர் அப்படியல்ல. பினாங்கில் எந்தப் பக்கத்தால் இறங்க வேண்டும், போர்ட் செயிட்டில் படகில் வந்து சாமான் விற்கிறவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும், சீமைக் குளிரில் காதை எப்படி மூட வேண்டும், எல்லாம் சொல்லித்தான் அனுப்புவார். கவுண்டருக்கு வரும் கப்பல்காரர்களை மறித்து வைத்துக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு. அதில் பாதி உண்மைதான் என்பதையும் சொல்ல வேண்டும். புத்தி கேட்க வந்தவர் எழும்ப நினைக்கும்போதுதான் இவருக்கு முக்கியமான விஷயம் ஞாபகம் வரும். நான் உள்ளே இரண்டாம் முறை தேத்தண்ணிக்குக் கேத்தல் வைப்பேன். “நீங்கள் போய் வந்த ஆள் மாதிரியெல்லோ சொல்லுறியள்” என்று யாராவது சொல்லிவிட்டால் மூன்றாம் முறையும் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் தங்கச்சி அருந்ததியின் விஷயத்தில்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா செத்த பிறகு அருந்ததி சின்னப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். இங்கிருந்தே படித்து, இங்கிருந்தே கலியாணம் முடித்தாள். மாப்பிள்ளை தியாகராசா விவசாயப் பகுதியில் உத்தியோகம். கலியாணம் முடிந்த கையோடு கொக்கோச் செய்கை படிக்கவென்று அரசாங்கம் அவரை ட்ரினிடாட்டுக்கு அனுப்பியது. ஒரு வருடப் படிப்பு என்றார்கள். படிப்பு முடிய அங்கேயே ஒரு வேலை கொடுத்து மறித்துவிட்டார்கள். அவர் அருந்ததியை வரச்சொல்லி எழுதினார். அவள் போய்ச் சேருவாளா மாட்டாளா என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. கப்பல் சீட்டு எழுதுகிற மனிதன் வீட்டில் இருக்க, இந்தக் கேள்வி இரண்டு வருடம் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

முதலில் ஒரு கப்பல் வந்தது. இவர் வேலை முடிந்து வந்து சால்வையைக் கொடியில் போட்டபடியே சொன்னார்: “இப்ப போகேலாது. அங்கை ஜூனிலை பிடிச்ச மழை மார்கழி மட்டும் விடாது. போய் இறங்கினவுடனை காய்ச்சல் பிடிக்கும்.”

“இஞ்சையும்தானே மழை,” என்றாள் அருந்ததி.

“இந்த மழை வேறை, அந்த மழை வேறை.”

சரி என்று விட்டோம். மழை விட்ட பிறகு போகலாம் என்று பார்த்தால் அது சீமையில் பனிக்காலம். ட்ரினிடாட்டுக்கு இங்கிருந்து நேரே கப்பல் கிடையாது. சீமைக்குப் போய், அங்கே வேறு கப்பல் பிடிக்க வேண்டும். “சீமைக்குப் போற வழியிலை பிஸ்கே விரிகுடாவிலை தை மாசியிலை கப்பல் நிமிர்ந்து நிண்டதை ஒருத்தரும் காணேல்லை,” என்றார். இரண்டாவது கப்பலும் போனது. பனி விட்ட பிறகு கேட்டால், அங்கே போய்ச் சேர மழை தொடங்கிவிடும் என்றார். உலகத்தைச் சுற்றி எங்காவது ஓர் இடத்தில் மழையோ பனியோ புயலோ இருக்கத்தானே செய்யும்! எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்து அருந்ததிக்கு வழிவிட வேண்டும் என்றால் அவள் கிழவியான பிறகுதான் போகலாம்.

போகவிடாதவர் புத்தி சொல்வதையாவது நிறுத்தினாரா? அதுவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ட்ரினிடாட். “அங்கை கடற்கரையிலை பச்சை நிறத்திலை சின்ன அப்பிள் மாதிரி ஒரு பழம் கிடக்கும். தொட்டுப்போடாதை. வாயிலை வைச்சால் தொண்டை வெந்துபோம். மழைக்கு அந்த மரத்துக்குக் கீழை ஒதுங்கினாலும் தோல் பொங்கும்.” அடுத்த நாள் நுளம்புக்கடிக்கு வலையும் காய்ச்சலுக்குக் கொயினாவும். அதற்கடுத்த நாள், இங்கிலீசுக்காரன் ஆளும் ஊர் என்றாலும் அங்கே சனம் பவுணில் அல்ல, டொலரில்தான் கணக்குப் பேசும் என்பது. கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியாக்காரர் நிறைய இருக்கிறார்கள், ஆனால் தமிழ் கதைத்தால் முழிப்பார்கள், ஆகவே இங்கிலீசிலேயே கதைக்க வேண்டும் என்பது. புயலைப் பற்றிக் கேட்டால், பெரும் புயலெல்லாம் வடக்கே உள்ள தீவுகளுக்குத்தான், ட்ரினிடாட் தப்பிவிடும் என்று அவரே சொல்லுவார். சொல்லிவிட்டு, “எண்டாலும் காத்தை நம்பேலாது” என்பார்.

அருந்ததி எல்லாவற்றுக்கும் ஓம் போடுவாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கலியாணம் முடித்த பெண் அக்கா வீட்டிலேயே இருந்தால் சனம் சும்மா இருக்குமா? கோயிலுக்குப் போனால், “இன்னும் போகேல்லையோ பிள்ளை?” என்று கேட்காத ஆள் இல்லை. கேட்ட வாய்க்கெல்லாம் நான் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு இவர் புதுச் சாட்டு ஒன்று கண்டுபிடித்தார். பொம்பிளைப்பிள்ளை தனியே போகக்கூடாது, துணை வேண்டும். நல்லது, தேடினோம். அருந்ததியோடு ஒன்றாகப் படித்த கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ் தாதி வேலை படிக்கச் சீமைக்குப் போகிறாள் என்று தெரிய வந்தது. அவளே வீட்டுக்கு வந்தாள். உயரமான, சிரித்த முகப் பெண். இவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்கிள், லண்டன் போய்ச் சேருமட்டும் நான் பார்த்துக்கொள்ளுறன். அங்கை மற்றக் கப்பலிலை ஏத்திவிட்டிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரியிலை போய் நிப்பன்.”

இவர் கலண்டரைப் பார்த்தார். கொன்ஸ்ரன்ஸின் கப்பல் யூலைக் கடைசியில். இவருடைய முகத்தில் வெளிச்சம் வந்தது.

“அது ஆடி மாசமெல்லோ! ஆடியிலை ஆரும் பயணம் தொடங்குவினமோ?”

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கோப்பையை அவருக்கு முன்னால் தொம்மென்று வைத்தேன். வைத்த அதே நேரம் எனக்கு ஒரு விஷயம் பட்டது. எங்கள் ஆட்களிடம் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணக்காரரின் பெட்டியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் அயலில் ஒரு வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு இந்தப் புத்தியைச் சொல்லிக் கப்பலேற்றியவர் இவர்தான்.

“ஆனியிலையே பெட்டியைப் பரஸ்தானம் வைச்சால் என்னப்பா?” என்று கேட்டேன். “நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்.”

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

ஆனி முதற்கிழமையிலேயே நாள் வாய்த்தது. அதற்குள் தெரிந்தவர்களெல்லாம் கட்டிக்கொண்டுவந்து கொடுத்த சாமான்களை இவர் தன் கையாலேயே அடுக்கினார். மோர் மிளகாய், பனங்கிழங்கு ஒடியல், பனம்பழப் பினாட்டு, வறுத்த அரிசிமா, நல்லெண்ணெய்ப் போத்தல். கப்பல் ஆட்டத்துக்கு வேர்க்கொம்புச் சுக்கு. கம்பளிச் சட்டை மேலே இருக்க வேண்டும், சீமைக்குப் போனவுடன் எடுக்க. பருத்திச் சேலைகள் கீழே, ட்ரினிடாட்டுக்கு. ஒரு தேங்காய்த் திருவலையையும் கொண்டுவந்து திணித்தார்.

“தேங்காய் அங்கையும் காய்க்கும். திருவலை காய்க்குமோ?” என்று என்னையே கேட்டார். அது நியாயமான கேள்விதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

பெட்டி போனது பக்கத்து வீட்டு ஸஹாப்தீன் நானாவிடம். புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவி பைறோஸா தன் முன் அறையைக் கூட்டித் துடைத்து, பெட்டிக்கு ஒரு பாய் விரித்து வைத்திருந்தாள். இவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, அவர்களுக்கும் புத்தி சொன்னார்: “ஒருக்கா வெளியிலை போன பெட்டி பயணம் முடியாமல் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. ஏறினால் பயணக்காரருக்குக் கூடாது. ஆர் கேட்டாலும் குடுத்துப்போடாதையுங்கோ.”

“நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டன் ஐயா,” என்றார் ஸஹாப்தீன் நானா, சிரித்துக்கொண்டு.

ஒரு கிழமை நிம்மதியாக இருந்தோம். பிறகு பேப்பரில் செய்தி வந்தது. ட்ரினிடாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் வேலைநிறுத்தம், கலகம், துவக்குச் சூடு. இவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. அது மெய்ப்பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தோஷமும் இருந்ததே, அதை என்ன செய்ய?

“முடிஞ்சுது. இனிப் போகேலாது. நான் போய்ப் பெட்டியை எடுத்தாறன்.”

தியாகராசாவுக்குத் தந்தி அடித்தோம். கலகம் தெற்கே, தான் இருக்கும் பக்கம் அமைதி, புறப்பட்டு வரவும் என்று மறுதந்தி வந்தது. அருந்ததி போய்ச் சேரப் புரட்டாசி ஆகிவிடும், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நானும் சொன்னேன். கேட்கிற ஆளா? “தந்தி அடிக்கிறவன் பயத்தையும் சேர்த்தோ அடிப்பான்?” என்றார். அடுத்த நாள் பின்னேரம் செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டி எடுக்கப் புறப்பட்டார்.

அருந்ததி கதவடிக்கு வந்தாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் அவருக்கு எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

“அத்தான், பெட்டி திரும்பி வாசல்படி ஏறினால் பயணக்காரருக்குக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது... பயணம் போறதெண்டால்.”

“பெட்டி புறப்பட்டிட்டுது. பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் புறப்பட்டிட்டன் அத்தான். பெட்டி நிக்கிற இடத்திலை நான் நிக்கிறன்.”

சொன்னவள் உள்ளே போய் மாற்றுச் சேலை இரண்டை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டிய காலோடு நின்ற மனிதரைக் கடந்து, படலையைத் திறந்து, பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள். இவர் படலையடியில் அப்படியே நின்றார். ஸஹாப்தீன் நானாவின் வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்பது? யார் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லிவைத்ததும் இவர்தானே!

பைறோஸா மதிலடிக்கு வந்தாள். “நாகேஸ்வரி அக்கா, ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். புள்ள எங்கட ஊட்டுல இரிக்கட்டும். மரக்கறிக்கு வேற சட்டி வச்சித் தாறன்.”

“சட்டி வேண்டாம் பைறோஸா. நான் சமைச்சு அனுப்புறன். அவளைப் பார்த்துக்கொள்.”

அப்படியே கப்பல் வரும்வரை அருந்ததி பக்கத்து வீட்டில் இருந்தாள். எங்கள் சொந்தக்காரர் சும்மா இருப்பார்களா? ஒரு சைவப் பிள்ளையை முஸ்லிம் வீட்டில் விட்டிருக்கிறீர்களே என்று விறாந்தையில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பரஸ்தானம் என்றேன். பெட்டிக்குத்தானே பரஸ்தானம், ஆளுக்குமா என்றார்கள். உங்கள் பயணத்துக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதரையே கேளுங்கள் என்று இவரைக் காட்டிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இவரிடம் புத்தி இருக்கவில்லை.

வீடு வெறிச்சென்று போனது. இத்தனைக்கும் அவள் இருந்தது ஒரு மதிலுக்கு அப்பால். பைறோஸாவோடு அவள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். இவர் வேலையால் வந்து, தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மதிலடிக்குப் போவார்.

“அருந்ததி! செங்கடலிலை கபினுக்குள்ளை படுக்காதை, அவிஞ்சுபோவாய். மேல்தட்டிலை கதிரை கேள்.”

“ஓம் அத்தான்.”

“ட்ரினிடாட்டிலை கப்பல் கரையோடை அணையாது. ஆழம் காணாது. தள்ளி நிண்டு படகிலைதான் இறக்குவாங்கள். படகு மேலை எழும்பேக்கை காலை வை. கீழை போகேக்கை வைச்சுப்போடாதை.”

“ஓம் அத்தான்.”

“தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடி.”

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று புத்தி சொல்கிற மனிதனையும் அந்தப் பக்கம் நின்று ஓம் போடுகிற பெண்ணையும் பார்க்க எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், பல நாள் எரிச்சல் வரும். “உள்ளை போய்க் கதையுங்கோவன், அவை வேண்டாமெண்டோ சொல்லப்போகினம்?” என்றால், “இல்லை, அவள் புறப்பட்டிட்டாள்” என்பார். தன்னுடைய சட்டத்துக்குள் தானே அகப்பட்டுக்கொண்ட மனிதர்.

கப்பல் வந்தது. ஸஹாப்தீன் நானா பெட்டியைத் தன் ஆளைக்கொண்டு காரில் ஏற்றினார். அருந்ததி எங்கள் வாசலில் ஏறாமலே, படலைக்கு வெளியே நின்று என் கையில் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டாள். இவர் ஒஃபிஸ் செல்வாக்கில் எங்களையும் லோஞ்சில் ஏற்றிக் கப்பலுக்குக் கூட்டிப்போனார். கொன்ஸ்ரன்ஸ் கபினைப் பார்க்க உள்ளே ஓடினாள். நாங்கள் மூன்று பேரும் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இவர் தொடங்கினார். “அருந்ததி, அந்தப் பச்சைப் பழம்...”

“அத்தான்.” அவள் குறுக்கே சொன்னாள். “பழம் தொடமாட்டன். தண்ணி கொதிக்க வைப்பன். எல்லாம் எனக்குப் பாடம். நான் ஒண்டு கேக்கிறன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மழையை விடுங்கோ. பனி, ஆடி, கலகம், எல்லாத்தையும் விடுங்கோ. போகவேண்டாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வாயாலை. சொன்னால் இப்பவே உங்களோடை இறங்கி வாறன்.”

சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடமாகக் கப்பல்களைத் திருப்பி அனுப்பிய மனிதர். கடைசியில் கேட்காமலே கையில் வந்து விழுகிறது. அவளுடைய முகத்தில் விளையாட்டு ஒன்றும் இல்லை. அவர் சொன்னால் அவள் உண்மையாகவே இறங்கிவிடுவாள், தியாகராசா அந்த ஊரில் தனியே கிடப்பார். நான் அவருடைய சால்வையின் தொங்கலைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார்.

“போயிட்டு வா பிள்ளை,” என்றார்.

வழியனுப்ப வந்தவர்களை இறங்கச் சொல்லி மணி அடித்தார்கள். அருந்ததி அவருடைய காலில் விழுந்து எழும்பினாள். என்னைக் கட்டிப்பிடித்தாள்.

லோஞ்ச் கப்பலை விட்டு விலகியது. மேலே இருந்து அவள் கை காட்டுவது கொஞ்ச நேரம் தெரிந்தது. இவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இந்த வாய் ஒரு நாளாவது மூடாதா என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. இப்போது மூடியிருக்க எனக்கு அது தாங்கவில்லை.

“என்னப்பா, ஏடனுக்குப் போறதுக்கு எத்தினை நாள்?” என்று கேட்டேன். தெரிந்த விஷயம்தான்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “சொல்லியிருந்தால் நிண்டிருப்பாள்,” என்றார்.

“ஓம். நிண்டிருப்பாள்.”

“அதாலைதான் சொல்லேல்லை.”

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நீ இல்லாமல் எங்களால் இருக்க முடியாது பிள்ளை என்று ஒரு வார்த்தை. அதை மழை என்றும் பனி என்றும் ஆடி என்றும் இரண்டு வருடம் மாற்றி மாற்றிச் சொல்லி, அந்தப் பெண்ணையும் வாட்டி, என்னையும் வாட்டி, கடைசியில் அவளே வாய்விட்டுக் கேட்கும்போது அதையும் விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாரே! லோஞ்சுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அவர் அழுதார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்குதுறை வரும்வரை கையை விடவில்லை, ஏசுவதையும் நிறுத்தவில்லை.